லேப்டாப்பா, டேப்பா, பிரெய்ல் கருவியா? பார்வையற்ற மாணவர்கள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். பி.ஏ. தமிழ், முதலாமாண்டு. பார்வை இல்லை. ஒரு கையில் வெள்ளைக்கோல், இன்னொரு கை பஸ் கம்பிக்கு. மிச்சம் இருப்பது முதுகு மட்டும்தான். அந்த முதுகில் ஏறப்போகும் கருவி எதுவாக இருக்க வேண்டும்?

கடைக்குப் போனால், "டிஸ்ப்ளே நல்ல கிளியராக்கும் மக்ளே" என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் இவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இது பேசுமா? தமிழில் பேசுமா? பெட்டியைப் பிரித்த நிமிஷத்தில் இருந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே இதை இயக்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 மார்ச் 14-ஆம் தேதி தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026 ஜனவரி 5-ஆம் தேதி 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் லேப்டாப் விநியோகம் தொடங்கியது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ் என்று அதன் அம்சங்கள் பட்டியலிடப்பட்டன.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முந்தைய விலையில்லா லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் வந்தது. பார்வையுள்ளவர்களுக்கு இது சின்ன தகவல். பார்வையற்றவர்களுக்கு இதுதான் மேட்டரே. ஏன் என்று கீழே பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வை மாற்றுத்திறனாளிகள் சுமார் 1.27 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் கன்னியாகுமரி. படிப்புக்குப் பேர்போன ஊரில், படிக்கும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அவசியமான கேள்விதானே?

எடை எவ்வளவு முக்கியம்?

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பிரெய்லில் வேகமாக எழுத இருந்த முக்கிய வழி பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சுக் கருவி. எடை கிட்டத்தட்ட 5 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவதை நினைத்துப் பாருங்கள். அதோடு ஒப்பிட்டால் இன்றைய எந்த லேப்டாப்பும் லேசுதான்.

பொதுவாக 15.6 இன்ச் லேப்டாப்கள் 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். 14 இன்ச் என்றால் 1.3 முதல் 1.5 கிலோ. விலை கூடிய 13 இன்ச் மாடல்கள் சில 1.2 கிலோவை ஒட்டி வரும். சார்ஜர் எடை தனி. யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால், கையடக்க சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். அரை கிலோ வரை மிச்சமாகும்.

திரையைப் பார்க்காதவர் 13 இன்ச்சோ, 14 இன்ச்சோ எடுத்தால் இழப்பு எதுவும் இல்லை. ஓஎல்இடி டிஸ்ப்ளே, டச் ஸ்கிரீன் எல்லாம் இவருக்குத் தண்டச் செலவு. அந்தப் பணத்தை ரேமுக்கும் பேட்டரிக்கும் போடலாம். பிரைட்னஸை அடிமட்டத்தில் வைத்தால் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஸ்கிரீன் ரீடரில் இருக்கும் 'ஸ்கிரீன் கர்ட்டன்' வசதியைப் போட்டுவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். பக்கத்து சீட்காரர் நம் மெசேஜை எட்டிப் படிக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பார்வை மாற்றுத்திறன் என்றாலே முழு இருட்டு அல்ல. குறைபார்வை உள்ளவர்கள் நிறைய பேர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள். விண்டோஸ் பட்டனோடு பிளஸ் குறியை அழுத்தினால் வரும் உருப்பெருக்கிதான் அவர்களுக்குத் துணை. அவர்களுக்குப் பெரிய திரை, கண் கூசாத மேட் திரை இரண்டுமே முக்கியம். அதனால் இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

திரை போகட்டும், கீபோர்டில் என்ன பார்க்கணும்?

பார்வையற்றவருக்கு மவுஸ் கிடையாது. எல்லா வேலையும் கீபோர்டில்தான். அதனால் லேப்டாப்பின் உண்மையான 'டிஸ்ப்ளே' கீபோர்டுதான் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் கேள்வி: வலது பக்கம் எண்களுக்கான நம்பர் பேட் இருக்கா? ஸ்கிரீன் ரீடரின் பல கட்டளைகள் நம்பர் பேடை வைத்து அமைந்தவை. 15.6 இன்ச் மாடல்கள் பலவற்றில் அது இருக்கும். 14 இன்ச்சில் பெரும்பாலும் இருக்காது. நம்பர் பேட் இல்லாத கருவிகளுக்கென்றே 'லேப்டாப் லேஅவுட்' என்று வேறு கட்டளை முறை உண்டு. பள்ளி லேபில் டெஸ்க்டாப் முறையில் பழகியவர் என்றால், மாற்றிப் பழக சில வாரங்கள் பிடிக்கும். எடையா, பழக்கமா என்ற பேரம் இங்கேதான் வருகிறது.

இரண்டாவது: இன்செர்ட் பட்டன் தனியாக இருக்கா? ஸ்கிரீன் ரீடர் கட்டளைகளுக்கு அதுதான் ஆணிவேர். இல்லாவிட்டால் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். அம்புக்குறி பட்டன்கள் ஒட்டாமல் பிரிந்து இருக்கா, எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காக இடைவெளி விட்டு இருக்கா என்பதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். 2024-க்குப் பின் வந்த பல லேப்டாப்களில் வலது கண்ட்ரோல் அல்லது மெனு பட்டன் இருந்த இடத்தில் 'கோபைலட்' பட்டன் வந்துவிட்டது. மெனு பட்டனை நம்பி வேலை செய்பவருக்கு அது தொந்தரவு.

மூன்றாவது தமிழ் தட்டச்சு. விண்டோஸ் 11-ல் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. இதில் உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்கள் வலது கைக்கும் பிரிந்திருக்கும். விரலுக்குத் தட்டுப்படும்படி சின்ன மேடு வைத்த இரண்டு பட்டன்கள் எல்லா கீபோர்டிலும் உண்டு. தமிழ்99-ல் இடது கை மேட்டில் இருப்பது புள்ளி, வலது கை மேட்டில் இருப்பது 'ப'. இந்த இரண்டில் இருந்து விரல் நகர்த்திப் பழகினால், கண்ணே தேவையில்லாமல் தமிழ் அடிக்கலாம்.

'பேசும் மென்பொருள்' என்றால் என்ன?

திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருளின் பெயர் ஸ்கிரீன் ரீடர். உலகம் முழுக்க அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று ஜாஸ். காசு கொடுத்து வாங்க வேண்டும், விலையும் அதிகம். உரிமம் வாங்காமல் ஓட்டினால் ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று என்விடிஏ. முற்றிலும் இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் இதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். கூடவே வரும் இ-ஸ்பீக் குரல் தமிழும் பேசும், மலையாளமும் பேசும். களியக்காவிளை, விளவங்கோடு பக்கம் இரண்டு மொழியும் புழங்கும் வீடுகளுக்கு இது உதவி. இ-ஸ்பீக் கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கும். அது பிடிக்காவிட்டால் விண்டோஸின் மொழி செட்டிங்ஸில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் 'வள்ளுவர்'!

என்விடிஏ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பாஸ் லினக்ஸில் ஓடாது, குரோம்புக்கிலும் ஓடாது. லினக்ஸுக்கு 'ஓர்கா' என்று தனி ஸ்கிரீன் ரீடர் உண்டு. ஆனால் லேபிலும் தேர்விலும் புழங்குவது விண்டோஸ் என்றால், இரண்டு முறையைப் பழகுவது கூடுதல் சுமை. இலவச லேப்டாப்பில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது இவர்களுக்கு ஏன் பெரிய விஷயம் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு பொறி 'எஸ் மோட்'. சில விண்டோஸ் லேப்டாப்கள் இந்த மோடில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகளை மட்டுமே அது அனுமதிக்கும். வெளியே இருந்து இறக்கும் மென்பொருளை ஏற்காது. அதில் இருந்து வெளியேறக் கட்டணம் கிடையாது. ஆனால் வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஆப்பிளின் மேக்கில் வாய்ஸ்ஓவர் உள்ளேயே இருக்கிறது. 2022 முதல் 'வாணி' என்ற தமிழ்க் குரலும் அதில் உண்டு. 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோதான், பேட்டரியும் நன்றாக நிற்கும். விலை கட்டுப்படியானால் நல்ல தேர்வு. ஆனால் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் விண்டோஸ்காரர்கள்தான் அதிகம் கிடைப்பார்கள்.

டேப் போதாதா?

கேட்கவும் படிக்கவும் மட்டும் என்றால் போதும். ஆண்ட்ராய்டு டேப்பில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து சில நொடிகள் அழுத்தினால் பேசத் தொடங்கிவிடும். கூகுளின் தமிழ்க் குரலும் உண்டு.

ஆனால் போனைவிட டேப்பில் கூடுதலாகக் கிடைப்பது பெரிய திரை ஒன்றுதான். முழுப் பார்வையற்றவருக்கு அது தேவையே இல்லை. வழுவழுப்பான கண்ணாடியில் பத்துப் பக்க அசைன்மென்ட் அடிப்பதும், நடுவில் ஒரு பத்தியைத் திருத்துவதும் சிரமம். அதனால் லேப்டாப், டேப் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தால், யோசிக்காமல் லேப்டாப்பை எடுப்பதே புத்திசாலித்தனம். குறைபார்வை உள்ளவர்களுக்கு மட்டும் டேப் நல்ல உருப்பெருக்கியாகப் பயன்படலாம்.

பட்ஜெட் இடிக்குதா? கையில் இருக்கும் போனோடு சின்ன ப்ளூடூத் கீபோர்டை இணைத்துப் பாருங்கள். இருப்பதிலேயே எடை குறைந்த 'நோட்டேக்கர்' அதுதான். வகுப்பில் குறிப்பெடுக்கத் தாராளமாகப் போதும். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தக்க செயலிகளுடன் கூடிய திறன்பேசி வழங்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. தகுதி விவரங்களை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேட்கலாம்.

பிரெய்ல் கருவிகள் யாருக்கு?

எல்லாமே பேசும்போது பிரெய்ல் எதற்கு என்று தோன்றும். தமிழ் படிப்பவரைக் கேட்டால் காரணம் சொல்வார். 'மனம்', 'மணம்' இரண்டையும் கணினிக் குரல் வேகமாகச் சொன்னால் வித்தியாசம் பிடிபடுமா? ல, ள, ழ குழப்பம்? ந எங்கே, ன எங்கே? ஒற்று மிகுந்ததா, மிகவில்லையா? காதால் மட்டும் படிப்பவர் ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தித்தான் உறுதிசெய்ய வேண்டும். பிரெய்லில் படிப்பவரின் விரலுக்கு அது அப்படியே தெரிந்துவிடும்.

இதற்காக இருப்பவைதான் பிரெய்ல் டிஸ்ப்ளேக்கள். சின்னச் சின்ன ஊசிகள் மேலெழும்பி பிரெய்ல் எழுத்தாக நிற்கும். வரியைப் படித்து முடித்ததும் அடங்கி, அடுத்த வரியாக எழும். இதோடு கணினியும் சேர்ந்த முழுமையான நோட்டேக்கர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவு. பையில் போட்டால் தெரியாது. விலைதான் தூக்கிவாரிப்போடும். பிரெய்ல்சென்ஸ் 6 போன்ற கருவிகள் 5,000 டாலருக்கும் மேல். நம்ம ஊர்க் கணக்கில் சில லட்சங்கள்.

விலையைக் குறைக்கும் முயற்சியாக வந்ததுதான் ஆர்பிட் ரீடர் 20. ஒரு நேரத்தில் 20 எழுத்துகள் காட்டும். எடை அரை கிலோவுக்குள். குறிப்பெடுக்கலாம், புத்தகம் படிக்கலாம், போனோடும் லேப்டாப்போடும் இணைக்கலாம். பெரிய நோட்டேக்கர்களோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு குறைவு.

நெல்லைச் சீமைக்கு பிரெய்ல் புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1890-ல். அங்கே பிரெய்ல் படித்து வந்தவர்களுக்கு இந்தக் கருவி வரம். நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்கும், பிரெய்ல் பழகாதவர்களுக்கும் இதில் பணம் போடுவது வீண். முதலில் பிரெய்ல், பிறகு கருவி.

மெஷின் ரெடி. ஃபைல் ரெடியா?

பலரும் கவனிக்காத இடம் இது. 80 ஆயிரம் ரூபாய் லேப்டாப் வாங்கியாச்சு, என்விடிஏ போட்டாச்சு, வள்ளுவர் குரலும் இறக்கியாச்சு. பேராசிரியர் வாட்ஸ்அப்பில் பாடக் குறிப்பு அனுப்புகிறார். திறந்தால் லேப்டாப் சொல்கிறது: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்."

லேப்டாப் கெட்டுப்போகவில்லை. அந்தக் குறிப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினிக்குள் பதிவாவது அந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். காதுக்குத் தெரியாது. யூனிகோடில் அடித்தால் இந்தப் பிரச்சினையே வராது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் பாமினி, வானவில் கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இன்னொரு ரகம், புத்தகத்தைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது. ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். உள்ளே எழுத்து இருப்பதே தெரியாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு பிரித்தெடுத்துத் தரும். ஆனால் பழைய அச்சு, கோணலான பக்கம் என்றால் பிழைகள் வரும்.

அதனால் கருவி வாங்கப் பணம் சேர்க்கும் குடும்பத்தை விட்டுவிடுங்கள். குறிப்பு அனுப்பும் ஆசிரியர் ஒருவர் யூனிகோடுக்கு மாறினாலே, அந்த வகுப்பின் பார்வையற்ற மாணவருக்குப் பாதிப் பிரச்சினை தீரும். செலவு பூஜ்ஜியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவு மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்குப் புத்தகங்கள், தேவையான உதவிக் கருவிகளை இலவசமாக வழங்கச் சொல்கிறது. எதுவரை? 18 வயது வரை. அதாவது கல்லூரிப் படியில் கால் வைக்கும் நேரத்தில் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. தனக்கென்று ஒரு கணினி மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு இன்னொரு வழியைத் திறக்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. படிக்க முடிகிற வடிவத்தில் பாடக் குறிப்பு கேட்பது சலுகை அல்ல, உரிமை.

2025 ஏப்ரல் 30-ஆம் தேதி பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கேஒய்சி நடைமுறை பற்றியது என்றாலும், அதன் வீச்சு பெரிது.

தேர்விலும் இது எதிரொலிக்கும். 2018 ஆகஸ்ட் 29-ல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல்கள், சொல்வதை எழுதுபவர் மட்டுமல்ல, பிரெய்ல், கணினி போன்ற முறைகளையும் தேர்வர் கேட்க வழிசெய்தன. கணினியை ஒரு நாள் முன்பே சோதித்துப் பார்க்கவும் இடம் தந்தன. முதலாமாண்டிலேயே கீபோர்டில் கை பழகியவர், மூன்றாம் ஆண்டில் தன் பதிலைத் தானே எழுதுவார். 'ஸ்க்ரைப் வருவாரா, தமிழ் பிழையில்லாமல் எழுதுவாரா' என்று தேர்வன்று காலையில் பதற வேண்டாம்.

கடையில் என்ன சோதிக்கலாம்?

• கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸில் உள்ளேயே இருக்கும் நரேட்டர் பேசத் தொடங்கும். எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. புது லேப்டாப்பை முதன்முதலாக செட்டப் செய்யும்போதும் இதே பட்டன்கள் வேலை செய்யும்.

• என்விடிஏவின் போர்ட்டபிள் பதிப்பை பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சம்மதித்தால் நேரடியாக ஓட்டிப் பாருங்கள்.

• கண்ணை மூடிக் கீபோர்டைத் தடவிப் பார்ப்பதை வீட்டார் செய்ய வேண்டாம். பயன்படுத்தப் போகிறவரே செய்யட்டும்.

• ஹெட்போன் குத்த 3.5 எம்எம் ஜாக் இருக்கிறதா? ப்ளூடூத்தில் குரல் ஒரு நொடி பிந்தி வந்தாலும் தட்டச்சு வேகம் போய்விடும்.

• 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. இதற்குக் குறைந்து வாங்காதீர்கள். ஸ்கிரீன் ரீடர் திக்கினால் பார்வையுள்ளவருக்குத் திரை உறைந்த மாதிரிதான்.

• டச்பேடை ஆஃப் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். கை தெரியாமல் பட்டால் கர்சர் எங்கேயோ ஓடிவிடும்.

• சர்வீஸ் சென்டர் எங்கே? நாகர்கோவிலிலா, திருவனந்தபுரத்திலா? லேப்டாப் இல்லாத ஒரு வாரம் என்பது இவருக்கு நோட்டும் பேனாவும் இல்லாத ஒரு வாரம்.

சுருக்கமாக...

முழுப் பார்வையற்ற கல்லூரி மாணவருக்கு: 14 இன்ச் அல்லது அதற்குக் கீழ், விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், நல்ல கீபோர்டு, கூடவே என்விடிஏ. பிரெய்ல் தெரிந்தால், பணம் சேர்ந்ததும் சின்ன பிரெய்ல் டிஸ்ப்ளே. குறைபார்வை என்றால் பெரிய மேட் திரை. பணம் இல்லையென்றால் போனும் ப்ளூடூத் கீபோர்டும்.

அரசுத் திட்டத்துக்கும் இதே அளவுகோல்தான். லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும்போது, அதில் என்விடிஏவையும் தமிழ்க் குரலையும் முன்பே ஏற்றிக் கொடுக்கக் கூடுதல் மென்பொருள் செலவு கிடையாது. மேடையில் லேப்டாப்பை வாங்கி வீட்டுக்குப் போய்த் திறக்கும் அந்த மார்த்தாண்டம் மாணவிக்கு, "யாராவது வந்து செட் பண்ணிக் குடுங்க" என்று காத்திருக்க வேண்டிய நிலை வராது. பவர் பட்டனை அழுத்தியதும் அது அவரோடு பேச வேண்டும். தமிழில்.